போனுக்குப் பெட்டி தெரியாது

விடத்தல்தீவிலிருந்து மடுவுக்கு ஒரு பயணம்

விடத்தல்தீவு என்று சொன்னால் வெளியூர்ச் சகோதரிகள் பலர் படகேறிப் போகவேண்டிய ஊர் என்றே நினைக்கிறார்கள். பெயரில்தான் தீவு இருக்கின்றது. ஊர் இருப்பது மன்னார்ப் பெருநிலப்பரப்பின் கரையில். மன்னாரிலிருந்து பூநகரிக்குச் செல்லும் ஏ-32 வீதியால் வந்து, கடற்பக்கம் திரும்பினால் ஊருக்குள் நுழைந்துவிடலாம். ஒரு பக்கம் கண்டல் காடும் சேற்றுக் கடலும். மறு பக்கம் வயலும் குளமும், அதற்கப்பால் பெருங்காடும். நண்டும் இறாலும் ஊருக்குச் சோறு போடுகின்றன. கண்டலும் கடற்புல்லும் நிறைந்த இந்தக் கரையோரம் 2016ஆம் ஆண்டு இயற்கை ஒதுக்கிடமாக அறிவிக்கப்பட்டது.

இந்த ஊரில் கார் வைத்திருப்பவர்கள் மிகக் குறைவு. ஆனால் உழவு இயந்திரமும் அதன் பின்னால் கொளுவிய பெட்டியும் இல்லாமல் ஒரு காரியமும் நடக்காது. நெல் மூட்டை வருவது பெட்டியில். விறகு வருவது பெட்டியில். கலியாண வீட்டுக் கதிரைகளும் செத்தவீட்டுப் பந்தல் தடிகளும் போவது அதே பெட்டியில். குடிதண்ணீர் பவுசரையும் உழவு இயந்திரம்தான் இழுத்து வருகின்றது.

வெளிநாடுகளில் உள்ள நம் உறவினர்கள் கோடை விடுமுறையில் எடுத்து அனுப்பும் படங்களில் சில வேளை ஒரு வண்டியைக் கண்டிருப்பீர்கள். கரவன் என்று அதைச் சொல்வார்கள். காருக்குப் பின்னால் கொளுவி இழுத்துச் செல்லும் சிறு வீடு அது. உள்ளே கட்டில் இருக்கும், அடுப்பு இருக்கும். நினைத்த இடத்தில் நிறுத்திச் சமைத்துச் சாப்பிட்டுத் தூங்கலாம். என் சித்தி மகள் கனடாவிலிருந்து அப்படியொரு படத்தை அனுப்பியபோது நான் அம்மாவிடம் காட்டினேன். அம்மா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "நாங்களும் ஒரு வருசம் இப்பிடித்தானே பிள்ளை இருந்தனாங்கள்" என்றார்.

அவர் சொன்னது 2008ஆம் ஆண்டை. விடத்தல்தீவு 2008 ஜூலை 16ஆம் திகதி இராணுவத்தின் கைக்குப் போனது. அதற்கு முன்னரே சனம் புறப்பட்டுவிட்டது. இலுப்பைக்கடவை, வெள்ளாங்குளம், முழங்காவில் என்று வடக்கே போய், பிறகு கிளிநொச்சிக்கும் அதற்கப்பாலும். கூரைத் தகடு, கதவு, தையல் மெசின், நெல், கோழிக்கூடு, நடக்க முடியாத அம்மம்மா எல்லாமே ஒரு பெட்டிக்குள். மேலே தறப்பாளை இழுத்துக் கட்டினால் அது வீடு. அந்த ஆண்டு ஏப்ரலில் மடு மாதாவின் திருச்சொரூபமே தேவன்பிட்டிக்கு இடம்பெயர்ந்து வந்து, ஓகஸ்டில்தான் மடுவுக்குத் திரும்பியது. எனக்கு அப்போது பதினாறு வயது. எங்களுக்கு வழி சொல்ல எந்தப் படமும் இருக்கவில்லை. முன்னால் போகும் பெட்டியைப் பார்த்துப் பின்னால் போனோம்.

மடுவுக்கு ஓர் ஆயத்தம்

ஓகஸ்ட் 15ஆம் திகதி மடு ஆவணித் திருவிழா. அக்காலத்தில் கூடார மாட்டுவண்டி கட்டி, அரிசி பருப்போடு போய், மரங்களுக்குக் கீழே நாட்கணக்கில் தங்கி வருவார்கள். இன்று மாட்டுவண்டியின் இடத்தை உழவு இயந்திரப் பெட்டி பிடித்திருக்கின்றது. தங்கிச் சமைக்கும் வழக்கம் மட்டும் மாறவில்லை.

நான் வேலை செய்யும் பகுதியில் உள்ள பெண்கள் சங்கத்தினர் கடந்த திருவிழாவுக்கு ஒன்றாகப் போவதென்று தீர்மானித்தார்கள். பெரும்பாலும் கணவரை இழந்தோ தேடிக்கொண்டோ குடும்பத்தைத் தனியாகத் தாங்குகின்ற பெண்கள். கத்தோலிக்கர் மட்டுமல்ல, சைவ சமயத்தவர்களும் வந்தார்கள். மடுவுக்கு அப்படித்தான் எல்லோரும் போவது. 1990 ஒக்டோபரில் முஸ்லிம் மக்கள் இங்கிருந்து வெளியேற்றப்பட்டபோது சிறுமியாகப் புத்தளம் போய், இருபது வருடங்களுக்கு மேல் கழித்துத் திரும்பிவந்த ஒரு சகோதரி தன் வீட்டுப் பெரிய தறப்பாளைத் தந்தார். "இது மழைக்கும் வெயிலுக்கும் பழகினது, கவனமாய்க் கொண்டுவாங்கோ" என்று சொல்லித்தான் தந்தார்.

பெட்டியில் ஆட்களை ஏற்றுவது ஆபத்து என்பதால் பெண்களும் பிள்ளைகளும் பஸ்ஸில் போவதென்றும், சட்டி பானை, அரிசி, விறகு, தண்ணீர்த் தாங்கி, தறப்பாள் எல்லாம் பெட்டியில் போவதென்றும் முடிவாயிற்று. உழவு இயந்திரம் ஓட்டியவர் எங்கள் சங்கத்து அக்கா ஒருவர். நாற்பத்தைந்து வயது இருக்கும். வயலுக்கும் கூலிக்கும் அவர்தான் ஓட்டுகிறார். நானும் சங்கத்துப் பெரியம்மாவும் ஒரு ஸ்கூட்டியில் முன்னால் போய் வழி காட்டுவது. என் போனில் வரைபடம் இருந்தது. அதனால் அந்தப் பொறுப்பை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன்.

வழக்கமான வழி சுற்றுவழி. ஏ-32 வீதியால் தெற்கே பாப்பாமோட்டைப் பக்கம் வந்து, மன்னார் வீதியில் ஏறி, உயிலங்குளம், முருங்கன் கடந்து மடு றோட் சந்தியில் திரும்பிக் கோயிலுக்குப் போவது. முழுவதும் நல்ல தார் வீதி. ஆனால் என் போன் வேறொரு வழியைக் காட்டியது. பள்ளமடுவால் உள்ளுக்குத் திரும்பி, பெரியமடுப் பக்கமாகக் காட்டுப் பகுதியால் போகும் வழி. தூரம் குறைவு. நேரமும் குறைவு என்று நீல நிறக் கோடு சொன்னது.

பெரியம்மா போனை எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"மிஸ், உங்கட போனுக்கு எங்கட பெட்டி தெரியுமோ?"

நான் சிரித்தேன். "அதுக்கு எல்லாம் தெரியும் பெரியம்மா. மேல செய்மதியிலயிருந்து பார்க்குது" என்றேன். அது எவ்வளவு பிழையான பதில் என்பது இரண்டு மணித்தியாலத்தில் விளங்கியது.

குளக்கட்டில் நின்ற பெட்டி

முதலில் கிறவல் பாதை. பிறகு மணல். பிறகு ஒரு சிறு குளத்தின் கட்டு. ஸ்கூட்டிக்கு அது நல்ல பாதையாகவே இருந்தது. கட்டின் முடிவில் ஒரு மதகு. போன மாரி வெள்ளத்தில் அதன் ஒரு பாதி இடிந்து போயிருந்தது. மிச்சப் பாதியால் நான் மெதுவாக ஓட்டி அப்பால் போய், திரும்பி நின்று அக்காவுக்குக் கையைக் காட்டி "வாங்கோ" என்றேன். அந்தக் கையை இப்போது நினைத்தாலும் எனக்கு வெட்கமாக இருக்கின்றது.

அக்கா தூரத்திலேயே நிறுத்திவிட்டார். இறங்கி நடந்து வந்து மதகைப் பார்த்தார். பெட்டியின் ஒரு சில்லுக்குத்தான் அங்கே நிலம் இருந்தது.

முன்னால் போக முடியாது. திரும்பவும் முடியாது. கட்டின் அகலம் பெட்டிக்கே சரி. ஒரு பக்கம் குளம், மறு பக்கம் இறக்கமும் பற்றைக் காடும். போன் மட்டும் சலிக்காமல் "நேரே செல்லவும்" என்றே காட்டிக்கொண்டிருந்தது.

"இந்தப் பற்றையைக் கொஞ்சம் வெட்டினால் திரும்ப இடம் கிடைக்கும்" என்று சொல்லி நான் கத்தியை எடுத்துக்கொண்டு சரிவில் இறங்கக் காலை வைத்தேன். பெரியம்மா என் சட்டையைப் பிடித்து இழுத்தார். இழுத்த இழுவையில் நான் விழுந்தேன்.

"பாதையை விட்டு இறங்கக்கூடாது" என்றார். அவ்வளவுதான்.

அந்த இடத்தில் மிதிவெடி இருந்தது என்று நான் சொல்லவில்லை. அங்கே எச்சரிக்கைப் பலகை எதுவும் இருக்கவில்லை. ஆனால் இல்லை என்று எங்களுக்குச் சொல்லவும் அங்கே யாரும் இருக்கவில்லை. மன்னார் மாவட்டத்தின் காட்டோரங்கள் பலவற்றில் முன்னரங்குகள் இருந்தன. இலங்கை 2017 டிசம்பரில் மிதிவெடித் தடை ஒப்பந்தத்தில் இணைந்தது. நிலங்களைத் துப்புரவாக்க அதற்குக் கிடைத்த தவணை 2028 ஜூன் வரை. ஹலோ ட்ரஸ்ட், மாக், டாஷ், ஷார்ப் ஆகிய நிறுவனங்களில் நம்மைப் போன்ற எத்தனையோ பெண்கள் வெயிலில் முழங்காலில் இருந்து மண்ணை அங்குலம் அங்குலமாகக் கிளறியிருக்கிறார்கள். அவர்களும் இதே செய்மதிக் கருவியைத்தான் பயன்படுத்துகிறார்கள். ஆனால் அவர்கள் முதலில் நிலத்தைச் சோதித்து, பிறகு எல்லையைக் குறித்துக்கொள்கிறார்கள். நானோ நிலத்தைப் பார்க்காமல் கோட்டைப் பார்த்து வந்திருந்தேன்.

கடைசியில் பின்னோக்கி எடுப்பதென்று அக்கா முடிவு செய்தார். இருநூறு மீற்றருக்குக் குறையாது. பெட்டியைப் பின்னோக்கி எடுப்பது லேசான வேலை அல்ல. பெட்டியின் பின்பக்கம் வலப்புறம் போகவேண்டுமென்றால் ஸ்ரியறிங்கை இடப்புறம் திருப்பவேண்டும். கொஞ்சம் கூடத் திருப்பினால் பெட்டி மடிந்து உழவு இயந்திரத்தோடு முட்டும். மடிகிறது என்று கண்டால் உடனே நிறுத்தி, முன்னுக்கு எடுத்து நேராக்கி, திரும்பத் தொடங்கவேண்டும். பெரியம்மா பெட்டிக்குப் பின்னால், அக்காவின் கண்ணுக்குத் தெரியும் தூரத்தில், நாங்கள் வந்த சில்லுத் தடத்திலேயே நின்று கையைக் காட்டினார். ஒருவர் மட்டுமே கை காட்டவேண்டும், மற்றவர் வாய் திறக்கக்கூடாது என்று எனக்குக் கட்டளை. நான் வாய் திறக்கவில்லை.

ஒரு மணித்தியாலம் எடுத்தது. நல்ல நிலத்தில் வந்து நிறுத்தியபோது அக்காவின் சட்டை முழுவதும் வியர்வையில் நனைந்திருந்தது. தண்ணீர் குடித்துவிட்டுச் சொன்னார்.

"அப்ப நான் பழகினது இப்பிடித்தான் மிஸ். விசுவமடுவில அவருக்குக் காயம். ஓட்ட ஆளில்லை. முன்னுக்கும் சனம், பின்னுக்கும் சனம். திரும்ப இடமே இல்லை. அழுதழுது பின்னுக்கு எடுத்தன். இண்டைக்கு அழாமல் எடுத்திட்டன்."

நான் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்தபோது உள்ளூர் அறிவு என்ற தலைப்பில் பத்துப் பக்கம் எழுதி நல்ல புள்ளியும் வாங்கியவள். அந்தக் குளக்கட்டில் எனக்கு அது ஒரு வரியும் ஞாபகத்துக்கு வரவில்லை.

செய்மதிக்கு எது தெரியும்?

மடுவில் அன்றிரவு சோறு ஆக்கி முடித்து, தறப்பாளுக்குக் கீழே படுத்திருந்தபோது பெரியம்மா திரும்பவும் கேட்டார். "அப்ப அந்தப் போனுக்கு என்னதான் தெரியும்?" இம்முறை நான் ஒழுங்காகப் பதில் சொன்னேன்.

பூமிக்கு மேலே ஏறத்தாழ 20,200 கிலோமீற்றர் உயரத்தில் ஜீ.பி.எஸ். செய்மதிகள் சுற்றிக்கொண்டிருக்கின்றன. அவை நம்மைப் பார்ப்பதில்லை. நேரத்தைச் சொல்லும் சமிக்ஞையை மட்டும் அனுப்புகின்றன. நம் போன் குறைந்தது நான்கு செய்மதிகளின் சமிக்ஞையை வாங்கி, ஒவ்வொன்றும் வந்துசேர எடுத்த நேரத்தைக் கொண்டு தான் நிற்கும் இடத்தைக் கணக்கிடுகின்றது. இது அமெரிக்க இராணுவம் தன் தேவைக்காக உருவாக்கியது. பொதுமக்களுக்கான சமிக்ஞையில் வேண்டுமென்றே சேர்த்திருந்த பிழையை 2000ஆம் ஆண்டு மே மாதத்தில் நீக்கினார்கள். அதன் பிறகே அது சாதாரண மக்களுக்கு நன்றாகப் பயன்படத் தொடங்கியது. திறந்த வானத்தின் கீழ் ஐந்து மீற்றர் அளவுக்குச் சரியாக இடம் சொல்லும்.

ஆகவே செய்மதிக்குத் தெரிவது நாம் எங்கே நிற்கிறோம் என்பது மட்டும்தான். எந்த வழியால் போவது என்று சொல்வது செய்மதி அல்ல. அது போனில் உள்ள வரைபடத்தின் வேலை. அந்த வரைபடம், வருவது ஒரு கார் என்று நினைத்துக் கணக்குப் போடுகின்றது. பின்னால் ஒரு பெட்டி வருகிறது என்று அதற்குச் சொல்ல இடமே இல்லை. மதகு இடிந்ததும் யாராவது சொன்னால்தான் அதற்குத் தெரியும்.

நம் கடற்றொழிலாளர்கள் பல வருடங்களாக ஜீ.பி.எஸ். கருவி வைத்திருக்கிறார்கள். வலை போட்ட இடத்தைக் குறிக்கவும் கடல் எல்லையை அறியவும் அது உதவுகின்றது. கடலில் பாதை இல்லை, ஆகவே நிற்கும் இடம் தெரிந்தால் பெரும்பாலும் போதும். தரையில் அது போதாது. நம் வண்டியின் அகலமும் உயரமும் பாரமும் தெரியவேண்டும்.

இது எங்கள் ஊர்ப் பிரச்சினை மட்டுமல்ல. வெளிநாடுகளில் கரவன் இழுப்பவர்களும் இப்படியே ஒடுங்கிய ஒழுங்கைகளிலும் தாழ்ந்த பாலங்களிலும் மாட்டிக்கொள்கிறார்கள். இங்கிலாந்தில் சில கிராமங்களில், கருவி காட்டினாலும் பாரவண்டிகள் இந்த வழியால் வரவேண்டாம் என்று பலகையே நட்டிருக்கிறார்கள். வண்டியின் நீளம், அகலம், உயரம், பாரம் ஆகியவற்றை முன்கூட்டியே பதிந்துகொள்ளக்கூடிய தனிக் கருவிகளும் அங்கே விற்கப்படுகின்றன. நமக்கு அது கிடைக்காது, விலையும் கட்டாது. ஆனால் அந்தக் கருவி கேட்கும் கேள்விகளை நாமே கேட்டுக்கொள்ளலாம்.

போனைத் தூக்கி எறியவேண்டும் என்று நான் சொல்லவில்லை. தறப்பாள் தந்த சகோதரியை நினைத்துப் பாருங்கள். அவர் திரும்பி வந்தபோது பழைய ஒழுங்கைகள் காடாகியிருந்தன, புது வீதிகள் வந்திருந்தன. யாரிடமும் கேட்கக் கூச்சப்பட்ட நாட்களில் போன்தான் தன்னை வைத்தியசாலைக்கும் பிரதேச செயலகத்துக்கும் கூட்டிப்போனது என்று சொல்வார். தனியே வெளிக்கிடும் பெண்ணுக்கு வழி தெரிந்திருப்பது ஒரு பலம்.

புறப்படுவதற்கு முன்

பெட்டியோ பவுசரோ கொளுவிப் புறப்படும் சகோதரிகளுக்கு, எங்கள் அனுபவத்திலிருந்து சில குறிப்புகள்:

1. பெட்டியின் அகலத்தையும், சாமான் ஏற்றிய பின் உயரத்தையும் ஒரு கயிற்றால் அளந்து வைத்துக்கொள்ளுங்கள். சந்தேகமான மதகில் இறங்கி அந்தக் கயிற்றைப் பிடித்துப் பாருங்கள்.

2. வரைபடத்தை வீட்டிலேயே போனில் இறக்கி வையுங்கள். காட்டுப் பகுதியில் சிக்னல் இல்லாவிட்டாலும் நிற்கும் இடத்தைக் காட்டும்.

3. குறுக்கு வழியைக் காட்டினால், அந்த வழியால் பெட்டி இழுத்துப் போனவரிடம் கேளுங்கள். மோட்டார் சைக்கிளில் போனவர் "நல்ல பாதை" என்றால் அது மோட்டார் சைக்கிளுக்குத்தான் நல்ல பாதை. பவுசர் ஓட்டுநரும் நெல் ஏற்றுபவரும் சரியான பதில் சொல்வார்கள்.

4. போன் சொல்லும் நேரம் காருக்கானது. உழவு இயந்திரத்துக்கு அதைப் போலப் பல மடங்கு வைத்துக்கொண்டு, இருட்டுவதற்கு முன் போய்ச்சேரும்படி புறப்படுங்கள். பெட்டியின் பின்னால் ஒளி பட்டால் மின்னும் சிவப்புத் தகடு கட்டாயம்.

5. ஓட்டுபவர் போனைப் பார்க்கக்கூடாது. அதற்கு வேறொருவர் இருக்கட்டும்.

6. திரும்ப இடம் உள்ள கடைசிச் சந்தியிலேயே நிறுத்தி, முன்னால் ஒருவர் நடந்து பார்த்து வரட்டும். அவர் பாவனையில் உள்ள பாதையை விட்டு இறங்கக்கூடாது.

7. பாதையோரம் சந்தேகமான பொருள் ஏதும் கண்டால் தொடாதீர்கள். வந்த தடத்திலேயே திரும்பி, பொலிசுக்கோ கிராம சேவையாளருக்கோ அறிவியுங்கள்.

திரும்பி வரும்போது நாங்கள் மடு றோட் சந்தியால், தார் வீதியில், சுற்றுவழியாகவே வந்தோம். வழியில் தேநீர் குடிக்க நிறுத்தியபோது அக்கா என் போனை வாங்கி, வரைபடத்தை விரலால் பெரிதாக்குவது எப்படி என்று பழகினார். பிறகு எங்கள் வயல் வீதிகளை ஒவ்வொன்றாகத் தொட்டு, "இதில போகலாம், இதில மாரியில ஏலாது, இந்த மதகு பெட்டிக்குக் காணாது" என்று சொல்லிக்கொண்டே வந்தார். நான் அதைக் கொப்பியில் எழுதினேன்.

இப்போது எங்கள் சங்கக் கட்டடத்தின் சுவரில் பெரிய தாளில் ஒரு வரைபடம் ஒட்டப்பட்டிருக்கின்றது. பெட்டி போகக்கூடிய வழிகள் பச்சையில், போகாத வழிகள் சிவப்பில். அந்தக் குளக்கட்டுக்கு அக்காவே சிவப்புப் பேனையால் கோடு போட்டார். மாரி முடிந்ததும் எல்லாரும் கூடி அதைத் திருத்துவதென்று தீர்மானித்திருக்கிறார்கள். உங்கள் ஊரிலும் இப்படி ஒன்றை வரைந்து வையுங்கள். அடுத்த திருவிழாவுக்கு மடுவில் எங்கள் தறப்பாளைக் கண்டால் வந்து ஒரு வாய் தேநீர் குடித்துவிட்டுப் போங்கள்.